புதுப் பூச்சுச் சுவரில் பிள்ளைக்குச் சித்திரம் வரையலாமா?

புதுவீடு (கிளிநொச்சி), ஐப்பசி

அனைவருக்கும் வணக்கம். வருகிற தை மாதம் எங்களுக்கு முதற்பிள்ளை பிறக்க இருக்கிறது. மனைவியின் பெற்றோர் இந்திய வீட்டுத்திட்டத்தில் கிடைத்த 550,000 ரூபாவோடு தங்கள் கைக்காசையும் போட்டு 2013 இல் கட்டி முடித்த வீட்டில்தான் நாங்கள் இருக்கிறோம். அதன் தெற்குப் பக்கத்தில், இந்த ஆவணியில், பத்தடிக்குப் பத்தடியாக ஓர் அறையைக் கூட்டிக் கட்டினோம். அந்த அறையின் ஒரு சுவர் முழுவதும் பிள்ளைக்கென்று ஒரு சித்திரம் வரைய விரும்புகிறேன்.

சன்னல் கிழக்கே இருக்கிறது. அதற்கு எதிரே உள்ள மேற்குச் சுவரைத் தெரிவு செய்திருக்கிறேன். கோட்டை, வானவில், பனிக்கரடிக் குடும்பம் ஆகியவை சேர்ந்த ஒரு படத்தை இணையத்தில் கண்டு எடுத்து வைத்திருக்கிறோம். சுவருக்குச் சீமெந்துப் பூச்சு முடிந்து ஏழு கிழமையாகிறது. மார்கழி நடுப்பகுதிக்குள் வேலையை முடித்துவிட எண்ணுகிறேன். பாடசாலையில் சித்திரம் ஒரு பாடமாகப் படித்ததைத் தவிர வேறு அனுபவம் எனக்கு இல்லை. எந்தப் பெயின்ற் வாங்குவது, எவ்வளவு வாங்குவது, படத்தை எப்படிச் சுவருக்குப் பெருப்பிப்பது என்பவற்றை அறிந்தவர்கள் சொல்லி உதவ வேண்டும்.

சுவர்க்காரன் (வவுனியா)

தம்பி, வாழ்த்துகள். பனிக்கரடியைச் சற்று நேரம் வெளியே நிறுத்திவிட்டு முதலில் சுவரைப் பார்ப்போம். இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பூச்சு வேலையும் பெயின்ற் வேலையும் செய்கிறவன் என்ற முறையில் எழுதுகிறேன். என்னிடம் வருகின்ற முறைப்பாடுகளில் பெரும்பாலானவை பெயின்றைப் பற்றியவை என்றாலும், போய்ப் பார்த்தால் குற்றம் பெயின்றில் இருப்பதில்லை.

புதிய சீமெந்துப் பூச்சு கடுமையான காரத்தன்மை உடையது. அந்தக் காரம் ஈரத்தோடு சேர்ந்து மேலே வரும்போது நிறங்களை வெளிறச் செய்யும், எண்ணெய்ப் பெயின்றை இளக்கிப் பிசுபிசுக்க வைக்கும். இருபத்தெட்டு நாள் போதும் என்று பொதுவாகச் சொல்வார்கள். அது வெயிலும் காற்றும் உள்ள நாட்களுக்கான கணக்கு. நீங்கள் ஆவணியில் கட்டிப் புரட்டாதியில் பூசி, ஐப்பசி மழையை வரவேற்றிருக்கிறீர்கள். வாடைக்காற்றுத் தொடங்கிய பின்னர், காற்றே நனைந்திருக்கும்போது, சுவர் எங்கே கொண்டுபோய்த் தன் ஈரத்தை விடும்?

ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒன்றரை அடிச் சதுரமாகப் பொலித்தீன் தாள் ஒன்றை வெட்டிச் சுவரில் விரித்து, நான்கு விளிம்புகளையும் காற்றுப் புகாதவாறு ரேப்பால் ஒட்டி, ஓர் இரவும் ஒரு பகலும் விட்டுவிடுங்கள். தாளின் உட்பக்கம் நீர் முத்துக் கட்டியிருந்தாலோ, மூடிய இடம் மட்டும் கருமை கொண்டிருந்தாலோ சுவர் இன்னும் காயவில்லை. தரையிலிருந்து ஓரடி உயரத்தில் ஒன்றும் நெஞ்சளவு உயரத்தில் ஒன்றுமாக இரண்டு இடத்தில் ஒட்டுங்கள். கீழ்த்தாள் மட்டும் நனைந்தால் அது பூச்சின் ஈரமல்ல, நிலத்திலிருந்து ஏறும் ஈரம்.

இன்னும் இரண்டு கேள்விகள் உண்டு. மேற்குச் சுவருக்கு அப்பால் என்ன இருக்கிறது? சாந்து குழைத்த தண்ணீர் நல்ல தண்ணீரா, உவர்த் தண்ணீரா? கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன்னர் முல்லைத்தீவுக் கரையோரத்தில் ஒரு வீட்டுக்கு, கடற்பக்கத்து மணலிலும் உவர்க்கிணற்று நீரிலும் பூசிய சுவரென்று அறியாமல், அழகான இளநீல நிறம் அடித்துக் கொடுத்தேன். மூன்றாம் மாதம் சுவர் முழுவதும் வெள்ளைப் பொருக்காக உப்புப் பூத்து, விரலால் தொட்டால் பெயின்ற் தோல்போல உரிந்தது. வீட்டுக்காரருக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அன்று தொடக்கம், தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்க்காமல் எந்த வேலையையும் ஒப்புக்கொள்வதில்லை.

கடல்கடந்தவர் (டொரன்டோ)

சுவர்க்காரன் அண்ணை தேவைக்கு அதிகமாகப் பயமுறுத்துகிறார் என்று நினைக்கிறேன். நான் இங்கே என் மகளின் அறையை ஒரு சனி ஞாயிறில் வரைந்து முடித்தேன். வெள்ளிக்கிழமை மாலை அடிப்பூச்சு, ஞாயிறு இரவு தொட்டிலை உள்ளே வைத்தாயிற்று. எட்டு ஆண்டுகளாக ஒரு கீறல்கூட விழவில்லை.

என் மனவருத்தம் வேறு. மாங்குளத்தில் பிறந்து வளர்ந்து, இப்போது ஆறு மாதம் பனியை வாரிக் கொட்டிக்கொண்டிருக்கும் நான் சொல்கிறேன்: கிளிநொச்சிப் பிள்ளைக்குப் பனிக்கரடி எதற்கு? இரணைமடுக் குளக்கட்டை வரையுங்கள். கட்டோரத்து மருதமரம், தாமரை, நாரை, வயல், அதற்கப்பால் காடு என்று அத்தனையும் உங்கள் வீட்டு வாசலில் இருக்கின்றன.

சுவர்க்காரன் (வவுனியா)

தம்பி, உங்கள் ஊரில் வீட்டின் உட்சுவர் பலகைச் சட்டத்தில் அடித்த ஜிப்சம் அட்டை. அதில் காரமும் இல்லை, உப்பும் இல்லை, நிலத்து ஈரம் ஏறுவதும் இல்லை. எங்களுடையது சீமெந்துக் கல். படத்தைப் பற்றி நீங்கள் சொன்னதை மறுக்க மாட்டேன்.

பாலைப்பழம் (முல்லைத்தீவு மாவட்டம்)

நான் ஒரு முன்பள்ளி ஆசிரியை. எங்கள் முன்பள்ளிச் சுவர்களில் இதுவரை இரண்டு தடவை சித்திரம் வரைந்திருக்கிறோம். இரண்டு தடவை என்று சொல்வதிலேயே முதற்தடவை என்ன நடந்தது என்பது விளங்கியிருக்கும்.

அப்போது, உற்சாகத்தில், எல்லா உருவங்களையும் கறுப்பு மார்க்கர் பேனையால் கோடிட்டு, அதற்குள் எமல்ஷன் எனும் நீர்ப் பெயின்றை நிரப்பினோம். மார்க்கர் மை எமல்ஷனைத் துளைத்து மேலே வந்துவிட்டது. வெள்ளை முயலின் வயிற்றுக்குள் பிழையாகப் போட்ட பழைய காதுக் கோடு, மூன்று தரம் வெள்ளை அடித்த பின்னரும், சாம்பல் நிறத்தில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. பேனையாலும் மார்க்கராலும் கோடு போடவே வேண்டாம். சோக்குக் கட்டியால் மெல்லக் கீறினால் போதும், ஈரத்துணியால் துடைத்துவிடலாம்.

மற்றது யானை. எங்கள் கிராமத்தில் பொழுதுபட்டபின் யானை வெடிச் சத்தம் கேட்காத கிழமை அரிது. அப்படியிருந்தும், படம் வரைய வந்தவர்கள் கேட்காமலே, தும்பிக்கையில் பூப்பந்து வைத்துக்கொண்டு சிரிக்கும் ஓர் யானையை வாசலருகே வரைந்து வைத்தார்கள். நான்கு வயதுப் பிள்ளை ஒன்று அதன் முன்னால் நெடுநேரம் நின்றுவிட்டு, “இது ஏன் ரீச்சர் சிரிக்குது? எங்கட வாழை முழுக்க முறிச்சுப்போட்டுப் போச்சு” என்று கேட்டது. பிள்ளை பயப்படுகிறது என்பதைவிட, யானை விளையாட்டுத் தோழன் என்று நம்பிவிடுமோ என்பதுதான் எனக்குக் கூடுதல் கவலையாக இருந்தது. இரண்டாந் தடவை வரைந்தபோது யானை இல்லை.

கடல்கடந்தவர் (டொரன்டோ)

ரீச்சர் சொல்வது விளங்குகிறது. ஆனால் யானையை நீக்கினால், அடுத்ததாக வயலில் இறங்கும் மயிலையும் நீக்க வேண்டும், பிறகு குரங்கு, பன்றி, கிளி எல்லாவற்றையும் நீக்க வேண்டும். கடைசியில் சுவரில் மிஞ்சுவது வைக்கோற்போர் ஒன்றுதான்.

பாலைப்பழம் (முல்லைத்தீவு மாவட்டம்)

மயில் ஆளைக் கொல்வதில்லை. வைக்கோற்போரும் அவ்வளவு மோசமான படமல்ல. எங்கள் பிள்ளைகள் அதில்தான் அதிகநேரம் விளையாடுகிறார்கள்.

மருந்துப்பெட்டி (வவுனியா வடக்கு)

நான் குடும்பநல உத்தியோகத்தராகக் கடமையாற்றுகிறேன். சுவரையும் படத்தையும் மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள். பிள்ளையைப் பற்றி நான் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

பிறந்த குழந்தைக்கு 20 முதல் 30 சென்ரிமீற்றர் தூரத்தில் உள்ளதே ஓரளவு தெளிவாகத் தெரியும். பால் கொடுக்கும் தாயின் முகம் இருக்கும் தூரம் அது. நிறங்களைப் பெரியவர்களைப் போலப் பிரித்தறிவதற்கு ஏறத்தாழ ஐந்து மாதம் செல்லும். அதுமட்டுமல்ல, நம் வீடுகளில் பிள்ளை வளர்வது ஏணையில். ஏணைக்குள் கிடக்கும் பிள்ளைக்கு இரு பக்கமும் சேலைத்துணி, மேலே கூரை. உங்கள் மேற்குச் சுவர் அதன் கண்ணில் படவே போவதில்லை. எனவே மார்கழிக்குள் முடிக்க வேண்டும் என்ற அவசரம் உங்களுடையதே தவிர, பிள்ளையினுடையது அல்ல. ஒரு வயதில் எழுந்து நிற்கும் பிள்ளை ஏறக்குறைய இரண்டரை அடி உயரம் இருக்கும். அந்த உயரத்தில் அதற்கென்று என்ன இருக்கிறது என்பதை யோசியுங்கள். பெரும்பாலான சுவர்ச் சித்திரங்களில் பார்க்க வேண்டியவை எல்லாம் தகப்பனின் கண்மட்டத்தில் இருக்கின்றன, பிள்ளைக்குக் கிடைப்பது புல்.

அடுத்தது ஈயம். எண்ணெய்ப் பெயின்றில் நிறத்துக்காகவும் விரைவாகக் காய்வதற்காகவும் ஈயச் சேர்மங்களைக் கலக்கும் வழக்கம் இருந்தது. இது சிறுபிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். உடலில் இவ்வளவு இருந்தால் தீங்கில்லை என்று சொல்லக்கூடிய அளவு எதுவும் இல்லை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. இலங்கையில் 2013 தை முதல், நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் கட்டளைப்படி, எமல்ஷனில் பத்து இலட்சத்தில் 90 பங்கும் எனாமல் எனும் எண்ணெய்ப் பெயின்றில் 600 பங்கும் ஈயத்தின் உச்ச வரம்பாக விதிக்கப்பட்டன. பிள்ளையின் அறைக்கு நீரில் கரையும் எமல்ஷனையே வாங்குங்கள், பெயர் அழிந்த பழைய ரின்னில் மிச்சமிருந்ததை எடுத்துப் பயன்படுத்தாதீர்கள். அந்த அறையில் பழைய பெயின்ற் அடித்த கதவோ நிலையோ ஏதாவது இருக்கிறதா?

உங்கள் மனைவி இந்த வேலையில் கைவைக்க வேண்டாம், பக்கத்தில் நின்று பார்க்கவும் வேண்டாம். நிறம் தெரிவு செய்வது அவருடைய பங்காக இருக்கட்டும்.

புதுவீடு (கிளிநொச்சி)

எல்லோருக்கும் நன்றி. பொலித்தீன் ஒட்டிப் பார்த்தேன். மேற்குச் சுவரில் இரண்டு தாளின் உள்ளேயும் வியர்த்திருந்தது, கீழ்த்தாளில் ஓடையாகவே நீர் வழிந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது: அந்தச் சுவருக்கு அப்பால் இருப்பது நாங்கள் புதிதாகக் கட்டிய குளியலறை. தண்ணீர்க்குழாய் அந்தச் சுவருக்குள்ளேயே ஓடுகிறது.

வடக்குச் சுவர் பழைய வீட்டின் வெளிச்சுவராக இருந்தது, அறையைக் கூட்டிய பிறகு உட்சுவராகிவிட்டது. அதிலும் ஒட்டிப் பார்த்தேன், தாள் உலர்ந்தபடியே இருந்தது. ஆனால் அதில் ஒரு சிக்கல் உண்டு. மின்சாரக் குழாய் பதிக்கவும், பழைய சன்னல் ஒன்றை மூடவும் உடைத்துப் பூசியதால் சுவர் திட்டுத் திட்டாக இருக்கிறது.

நிலையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மாமாவின் பழைய வீட்டு முதிரை நிலையும் கதவும்தான் இந்த அறைக்குப் போட்டிருக்கின்றன. இடம்பெயர்ந்தபோது ஓடுகளோடு உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிச் சென்று, பிறகு ஓரிடத்தில் ஒப்படைத்து, திரும்பி வந்து எடுத்தவை. பச்சை, அதற்குக் கீழே நீலம், அதற்கும் கீழே ஏதோ ஒரு மஞ்சள் என்று உரிந்த இடத்தில் எல்லாம் தெரிகின்றன. அரத்தாள் போட்டுத் தேய்த்து வார்ணிஷ் அடிக்க இருந்தேன்.

மருந்துப்பெட்டி (வவுனியா வடக்கு)

அரத்தாளை உடனே கீழே வையுங்கள். அந்தப் பச்சையும் மஞ்சளும் எந்தக் காலத்து எனாமல் என்பது யாருக்கும் தெரியாது. உலர்வாகத் தேய்த்தால் எழும் தூள் அறை முழுவதும் படிந்து, தவழும் பிள்ளையின் கை வழியாக வாய்க்குப் போகும். நிலையைக் கழற்ற வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அவ்வளவு தூரம் சுமந்து வந்த பொருள் அது. உரிந்து தொங்கும் பொருக்கைத் தண்ணீர் தெளித்து நனைத்து, மெல்லச் சுரண்டி, விழுந்ததையெல்லாம் ஈரத்துணியால் கூட்டி எடுத்துப் பையில் கட்டிவிட்டு, அதன்மேல் புதிய பெயின்றை இரண்டு மூன்று தரம் அடித்து மூடிவிடுங்கள். பல் முளைக்கும் பிள்ளை கடித்துப் பார்ப்பது நிலையையும் சன்னல் விளிம்பையும்தான். அந்த உயரத்தில் மேற்பூச்சு உரியாமல் இருக்கிறதா என்று ஆண்டுதோறும் பார்க்க வேண்டும்.

சுவர்க்காரன் (வவுனியா)

மேற்குச் சுவரை மறந்துவிடுங்கள் தம்பி. குளியலறைச் சுவரில் படம் வரைவதும் குளத்துத் தண்ணீரில் கோலம் போடுவதும் ஒன்றுதான். வடக்குச் சுவரை எடுங்கள். சன்னல் கிழக்கே இருப்பதால் வெளிச்சம் பக்கவாட்டில் விழும். அது படத்துக்கு நல்லது, ஆனால் சுவரின் மேடுபள்ளத்தையும் அப்படியே காட்டிக் கொடுக்கும்.

திட்டுகளைப் பற்றி. எங்கள் பக்கத்தில் மீளக் குடியேறிய வீடுகளில் இது எனக்குப் பழகிய வேலை. துப்பாக்கிச் சன்னங்கள் பாய்ந்த துவாரங்களைச் சாந்தால் அடைத்த சுவர்கள் எத்தனையோ பூசியிருக்கிறேன். புதிய சாந்து பழைய சுவரைவிட வேகமாகப் பெயின்றை உறிஞ்சும். நேராகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. சாய்வெளிச்சத்தில் ஒவ்வொரு அடைப்பும் மங்கிய வட்டமாகத் தெரியும். நிறத்தை மாற்றி மாற்றி அடித்தாலும் அது போகாது. வோல் பில்லரால் மட்டப்படுத்தி, காய்ந்த பிறகு அரத்தாளால் தேய்த்து, சுவர் முழுவதற்கும் காரத்தைத் தாங்கும் சீலர் என்ற அடிப்பூச்சை ஒரு தரம் அடியுங்கள். அடைத்த இடங்களுக்கு மட்டும் முன்கூட்டியே ஒரு தரம் கூடுதலாக அடியுங்கள். வெளிச்சுவராக இருந்தபோது அதற்கு என்ன அடித்திருந்தார்கள் என்று மாமாவைக் கேளுங்கள். ஈரக் கையால் தேய்க்கும்போது உள்ளங்கை வெள்ளையானால் அது சுண்ணாம்பு. சுரண்டி எடுக்காமல் அதன்மேல் எதை அடித்தாலும் ஒருநாள் பாளமாகக் கழன்று விழும்.

அளவைக் கேட்டிருந்தீர்கள். பத்தடி அகலம், ஒன்பதடி உயரம் என்றால் 90 சதுர அடி. ஒரு லீற்றர் எமல்ஷன் ஒரு தரம் அடிக்க 100 சதுர அடிக்குச் சற்றுக் கூடவே வரும். சீலர் ஒரு லீற்றர், வெள்ளை எமல்ஷன் இரண்டு தரத்துக்கு இரண்டு லீற்றர், நிறம் கலக்க இன்னும் ஒரு லீற்றர் வெள்ளை. இருபது நிறம் வாங்க வேண்டாம். வெள்ளை, மஞ்சள், சிவப்பு, நீலம், கறுப்பு போதும். நிறம் கூட்டுவதற்கென்று சிறு போத்தலில் விற்கும் ஸ்டெயினரை அளவோடு விடுங்கள். போத்தலில் சொன்னதற்கு மேலே விட்டால் காய்ந்த பிறகும் கையில் ஒட்டும்.

மாசி பிறக்கட்டும், அதற்கு முன் தொட வேண்டாம். அதேவேளை வைகாசிக்குத் தள்ளிப் போடவும் வேண்டாம். சோளகம் வீசத் தொடங்கினால் செம்மண் தூசி ஈரப் பெயின்றில் வந்து குந்திக்கொள்ளும்.

கட்டக்கோடு (மன்னார்)

சித்திரம் கற்பிக்கும் ஆசிரியன் என்பதால் நானும் ஒரு வார்த்தை சேர்க்கிறேன். புரஜெக்டர் தேடி அலைய வேண்டாம். பத்து அங்குல அகலமும் ஒன்பது அங்குல உயரமும் உள்ள தாளில் படத்தை முதலில் வரைந்து, ஓர் அங்குலத்துக்கு ஒரு கட்டம் போடுங்கள். சுவரில் ஓரடிக்கு ஒரு கட்டம். நிலைக்குத்துக் கோட்டுக்கு மேசனின் தூக்குக்குண்டையும், கிடைக்கோட்டுக்குச் சோக்குத்தூள் தடவிய நூலையும் பயன்படுத்துங்கள். நூலை இரண்டு முனையிலும் இழுத்துப் பிடித்து, நடுவில் கிள்ளி விட்டால் சுவரில் நேர்கோடு விழும். கூரையையோ தரையையோ நம்பி அளக்க வேண்டாம், இரண்டும் மட்டமாக இருக்கும் வீட்டை நான் இன்னும் காணவில்லை.

குளக்கட்டை வரைவதென்றால் மூன்று விடயங்களைக் கவனியுங்கள். மருதமரத்தின் அடியைப் பழக்கத்தில் கபில நிறமாகத் தீட்டிவிடுவார்கள். போய் நின்று பாருங்கள்: பட்டை வழுவழுப்பாக, வெளிறிய சாம்பலாக, உரிந்த இடத்தில் இளஞ்சிவப்புச் சாயலோடு இருக்கும். காட்டுச்சேவலை வரைந்தால் ஊர்ச்சேவலின் கொண்டையை வைத்துவிடாதீர்கள். அது இலங்கைக்கே உரிய பறவை, நாட்டின் தேசியப் பறவையும் அதுதான். அதன் சிவப்புக் கொண்டையின் நடுவில் மஞ்சள் திட்டு ஒன்று உண்டு, உடல் செம்மஞ்சள், வாலும் சிறகும் ஊதா கலந்த கருமை. மூன்றாவது, மஞ்சளும் சிவப்பும் கீழுள்ளதை மறைக்கும் வலு குறைந்த நிறங்கள். நீல வானத்தின் மேல் நேரே மஞ்சள் பறவையைத் தீட்டினால் அது பச்சைப் பறவையாகும். முதலில் பறவையின் உருவத்தை வெள்ளையால் நிரப்பி, காய்ந்த பிறகு மஞ்சளைத் தீட்டுங்கள்.

சுண்டிக்குளத்துப் பூநாரைகளையும் ஒரு வரிசை நிறுத்தலாம். 1938 இல் சரணாலயமாகி 2015 இல் தேசியப் பூங்காவான இடம் உங்களிடமிருந்து அதிக தூரமில்லை. கால் நீண்ட பறவை என்பதால் பிழை விட்டாலும் அழகாகவே இருக்கும்.

புதுவீடு (கிளிநொச்சி)

பனிக்கரடிகளை மனைவியே நீக்கிவிட்டார். மாமியும் மகிழ்ச்சி, ஆனால் வேறு காரணத்துக்காக: பிள்ளை பிறக்க முன்னர் அறையைச் சோடிப்பது அவருக்குத் தொடக்கத்திலிருந்தே பிடிக்கவில்லை. மாசியில் எழுதுகிறேன்.

புதுவீடு (கிளிநொச்சி), சித்திரை

மன்னிக்க வேண்டும், நெடுநாள் எழுதவில்லை. தையில் மகள் பிறந்தாள். முப்பத்தோராம் நாள் துடக்குக் கழித்த பிறகும் தாயும் பிள்ளையும் பழைய வீட்டு முன்னறையிலேயே இருக்கிறார்கள். நான் மாசிக் கடைசியில் சுவரில் கை வைத்தேன்.

மாமா சொன்னபடி அது சுண்ணாம்பு அல்ல, வெளிச்சுவர் எமல்ஷன்தான். பில்லர், சீலர், வெள்ளை எல்லாம் சுவர்க்காரன் அண்ணை சொன்ன ஒழுங்கில் முடிந்தன. மூடிய சன்னல் இருந்த இடம் இப்போது எந்த வெளிச்சத்திலும் தெரியவில்லை. மாமா மட்டும் வந்து அந்த இடத்தைச் சரியாகத் தடவிப் பார்த்துவிட்டுப் போனார்.

வானத்தில்தான் இடறினேன். மேலே கடும் நீலம், கீழே வரவர வெளிறிக் குளத்தோடு சேர வேண்டும் என்று நினைத்து, பங்குனி வெயிலில், பிற்பகல் இரண்டு மணிக்குத் தொடங்கினேன். ஒரு பட்டையை அடித்து அடுத்த நிறத்தைக் கலப்பதற்குள் முதற்பட்டை காய்ந்துவிட்டது. கடைசியில் வானம் சாரத்துணிபோலக் கோடு கோடாக நின்றது. இதை எப்படித் திருத்தலாம்?

சுவர்க்காரன் (வவுனியா)

பிள்ளைக்கு வாழ்த்துகள். காய்ந்த கோட்டின் மேல் தடவித் தடவித் திருத்த முயல வேண்டாம், முழு வானத்தையும் மீண்டும் அடியுங்கள். விடியற்காலை ஆறு மணிக்குத் தொடங்குங்கள், முதல்நாளே ஐந்து பேணியில் ஐந்து படி நீலத்தைக் கலந்து மூடி வையுங்கள். தனியாகச் செய்யாதீர்கள்: ஒருவர் முன்னால் அடித்துக்கொண்டு போக, மற்றவர் இரண்டு நிறமும் சந்திக்கும் இடத்தை, தண்ணீரில் நனைத்துப் பிழிந்த அகலத் தூரிகையால், ஈரமாக இருக்கும்போதே குறுக்கும் நெடுக்குமாக இழுக்க வேண்டும். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள்.

புதுவீடு (கிளிநொச்சி), வைகாசி

மைத்துனனைத் துணைக்கு அழைத்து வானத்தை முடித்துவிட்டேன். ஒன்றே கால் மணித்தியாலம் பிடித்தது. படம் இப்போது இப்படி இருக்கிறது: இடப்பக்கத்தில் மருதமரம், சுவரின் உச்சிவரை. நடுவே குளம், அதில் தாமரையும், மறுகரையில் ஒன்பது பூநாரைகளும். வலப்பக்கம் வயலும் வைக்கோற்போரும். அது பாலைப்பழம் ரீச்சருக்காக. மருந்துப்பெட்டி அக்கா சொன்னதை நினைத்து, தரையிலிருந்து மூன்றடிக்குள் ஒரு நண்டு, இரண்டு தவளை, ஓர் ஆமை, நெல்லுக்குள் பாதி மறைந்த காட்டுச்சேவல், அதன் பின்னால் ஐந்து குஞ்சுகள் என்று சிறியனவாக ஒளித்து வைத்திருக்கிறேன். கொண்டையில் மஞ்சள் திட்டு இருக்கிறது. யானை இல்லை.

நிலைக்கு மூன்று தரம் அடித்தாயிற்று. கதவைத் திறக்கும் பக்கத்தில், பிள்ளைக்கு எட்டாத உயரத்தில், உள்ளங்கையளவு இடத்தில் மட்டும் பழைய பச்சையை அப்படியே விட்டு, அதன்மேல் நிறமற்ற வார்ணிஷ் பூசியிருக்கிறேன். மாமா கேட்டுக்கொண்டார்.

இப்போது ஒரு புதிய சிக்கல். படம் நன்றாகக் காய்வதற்கு இரண்டு கிழமை விட்டு, நேற்று நீரில் கரையும் வார்ணிஷ் அடிக்கலாம் என்று அறைக்குள் போனால், சேவலின் மார்பில் கறுப்பாக ஒரு பொட்டு. வந்து பார்ப்பவர்கள் எல்லோரும் அந்தச் சேவலையே புகழ்வதால், நாவூறு படும் என்று மாமி வைத்துவிட்டார். பிள்ளையின் கன்னத்துக்குக் காய்ச்சிய அதே மை, விளக்கெண்ணெய் கலந்தது. அதன் மேலேயே வார்ணிஷ் அடிக்கலாமா?

சுவர்க்காரன் (வவுனியா)

எண்ணெய் இருக்கும் இடத்தில் நீர் வார்ணிஷ் பிடிக்காது, அந்த இடத்தில் கண்ணீர்போலத் திரண்டு விலகும். இளஞ்சூட்டு நீரில் சவர்க்காரத்தைக் கரைத்து, துணியால் ஒற்றி ஒற்றி எடுங்கள். தேய்த்தால் மை பரவும். காய்ந்த பிறகு, அதே இடத்தில், அதே அளவில், கறுப்பு எமல்ஷனால் ஒரு பொட்டு வைத்துவிட்டு வார்ணிஷ் அடியுங்கள். வித்தியாசம் தெரியாது.

பாலைப்பழம் (முல்லைத்தீவு மாவட்டம்)

மாமிக்குத் தெரியும். ஆனால் ஒன்றும் சொல்ல மாட்டார்.